கையெழுத்திட மறுத்த காப்டன்

ஒரு காலத்தில் நம் நாட்டில் மான்செஸ்டர் என்றால் துணி என்றே பொருள். மல்லும் வேஷ்டியும் அந்த ஊரிலிருந்தும், அதைச் சூழ்ந்த லங்காஷயர் ஆலைகளிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 1905-இல் சுதேசி இயக்கம் மூண்டு, வீதிகளில் சீமைத் துணிகளைக் கொளுத்தியபோது ஜனங்களின் மனத்தில் எரிந்ததும் அந்தப் பெயர்தான். ஆகவே, மான்செஸ்டர் என்றதும் ஆலை முதலாளியின் முகமே நம் முன்னோர்களின் மனக்கண்முன் வந்து நின்றதில் வியப்பில்லை. ஆனால் அதே ஊரில், ஏறக்குறைய அதே வருஷங்களில், முதலாளிமாரை நேருக்கு நேர் பார்த்து, நீட்டிய காகிதத்தில் கையெழுத்திட முடியாது என்று சொன்ன ஒரு சிறு கூட்டமும் இருந்தது. அவர்கள் நெசவாளிகள் அல்லர். பந்து உதைத்துப் பிழைத்தவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் சார்லி ராபர்ட்ஸ் என்னும் காப்டன். இந்த வாரம் அவருடைய கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

பந்தாட்டக்காரர் கதையில் குடும்பத்தார் உட்கார்ந்து படிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எத்தனை கோல் போட்டார், எத்தனை கோப்பை வாங்கினார் என்பதோடு கதை முடிந்துவிடுமானால், நாமும் அதை எழுதப் புகுந்திருக்கமாட்டோம். மனிதனுடைய திறமை யாருக்குச் சொந்தம், திறமையை உடையவனுக்கா, அவனுக்குச் சம்பளம் கொடுப்பவனுக்கா என்ற கேள்வி இந்தக் கதையின் நடுவே இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் முதல் ஆலைத் தொழிலாளி வரையில் யாரையும் விட்டுவைக்காத கேள்வி அது.

ராபர்ட்ஸ் 1883-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ந் தேதி வட இங்கிலாந்தில் உள்ள டார்லிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். நீராவி ரயிலின் சரித்திரத்தில் பிரசித்தி பெற்ற ஊர் அது. பிஷப் ஆக்லண்டு என்ற கோஷ்டியில் ஆடிப் பெயர் வாங்கியபின், 1903-இல் கிரிம்ஸ்பி டவுன் என்ற கிளப்பில் சேர்ந்தார். மறு வருஷம் ஏப்ரலிலேயே மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பார் 600 பவுன் கொடுத்து அவரைத் தங்கள் கோஷ்டிக்கு அழைத்துக்கொண்டார்கள். அப்பொழுது அவருக்கு வயது 21. இன்று உலகமெல்லாம் பெயர் அடிபடும் அந்தக் கிளப், அந்நாளில் கடனிலிருந்து அப்பொழுதுதான் தலைதூக்கி, இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்ட மைதானமோ கிளேட்டன் என்ற இடத்தில், தொழிற்சாலைகளின் புகைக்கு நடுவே கிடந்தது.

அக்காலத்து ஆட்ட முறையில் இரண்டு பின்காவலர்கள், மூன்று நடு ஆட்டக்காரர்கள், ஐந்து முன்னணிக்காரர்கள் என்று வரிசை வகுத்திருந்தார்கள். அந்த மூவரில் நடுவே நிற்பவருக்கு ‘சென்டர் ஹாஃப்’ என்று பெயர். எதிரி பாய்ந்து வரும்போது தடுப்பவரும் அவரே. பந்தைப் பறித்ததும் தம் பக்கத்து முன்னணிக்கு வழி காட்டுபவரும் அவரே. சேனாபதியும் சிப்பாயும் ஒருவரே ஆனாற்போன்ற பதவி. ராபர்ட்ஸுக்கு அது பிறவியிலேயே அமைந்ததுபோல் இருந்தது. நெடிய உருவம், வெளிறிய முகம், அயராத ஓட்டம். ‘பூட்ஸ் அணிந்த ஆவி’ என்று ரசிகர்கள் அவருக்குச் செல்லப் பெயர் வைத்தார்கள். ஆட்டக்காரர்களின் நிஜார் முழங்காலை மறைக்கவேண்டும் என்று 1904-இல் கால்பந்து அஸோஸியேஷன் விதி செய்தது. ஓடுகிறவனுக்கு எது வசதி என்பது ஓடுகிறவனுக்குத் தெரியும் என்பதுபோல, ராபர்ட்ஸ் குட்டை நிஜாரோடேயே ஆடிவந்தார். பின்னால் நடந்த பெரிய சண்டைக்கு இது ஒரு சிறிய முன்னோட்டம்!

1905-இல் அவர் இங்கிலாந்தின் சார்பில் அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய மூன்று தேசங்களையும் எதிர்த்து ஆடினார். மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பிலிருந்து இங்கிலாந்துக் கோஷ்டிக்குப் போன முதல் ஆட்டக்காரர் அவரே. 1906-இல் கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1908-இல், அடுத்து வந்த கோஷ்டிகளைவிட 9 புள்ளிகள் அதிகம் பெற்று லீக் பட்டத்தை வென்றது. 1909-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி, லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் 71,000 பேருக்கு மேல் கூடிய ஜனத்திரளின் முன்னிலையில், பிரிஸ்டல் சிட்டியை ஒரு கோலால் தோற்கடித்து அஸோஸியேஷன் கோப்பையைக் கைப்பற்றியது. கோல் போட்டவர் சாண்டி டர்ன்புல். கோப்பையை வாங்கியவர் காப்டன் ராபர்ட்ஸ்.

இவ்வளவு புகழ் பெற்ற காப்டனுக்குச் சம்பளம் என்ன? வாரம் 4 பவுன்! அதற்குமேல் ஒரு ஷில்லிங்கூட எந்தக் கிளப்பும் எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்கக் கூடாது என்று 1901 முதல் அஸோஸியேஷன் சட்டம் அமுலில் இருந்தது. சாதாரணத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் 4 பவுன் நல்ல சம்பளந்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டக்காரரின் உழைக்கும் காலம் சுமார் பத்து வருஷம். ஒரு முழங்கால் முறிந்தால் அதுவும் இல்லை. அந்தப் பத்து வருஷத்தில் எழுபதினாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்கும்படி ஆடினாலும், வசூலான காசு எங்கே போகிறது என்று கேட்க அவருக்கு வாய் இல்லை.

சம்பளத்தைவிடக் கொடிய விஷயம் இன்னொன்று உண்டு. ஆட்டக்காரர் வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம் செய்துகொள்வார். வருஷம் முடிந்ததும், ‘இவரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்’ என்று கிளப்பார் ஒரு ஜாபிதாவில் எழுதிவிட்டால் போதும்; அவர் வேறு லீக் கிளப் எதிலும் கால் வைக்க முடியாது. ஒப்பந்தம் தீர்ந்தாலும் கட்டுத் தீராது. வேறு கிளப் அவரை விரும்பினால் பழைய கிளப்புக்கு விலை கொடுக்கவேண்டும். 1905-இல் ஆல்ஃப் காமன் என்பவரை ஸண்டர்லண்டு கிளப் 1,000 பவுனுக்கு மிடில்ஸ்பரோவுக்கு விற்றது. ஓர் ஆட்டக்காரருக்கு ஆயிரம் பவுன் விலை கிடைத்தது அதுவே முதல் தடவை. பத்திரிகைகள் எல்லாம் திகைத்துப்போய் எழுதின. ஆனால் விலை போனவருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடியது 10 பவுன் கையொப்பப் பணம் மட்டுமே. சந்தையில் மாடு எவ்வளவுக்கு விலை போனாலும் மாட்டுக்குக் கிடைப்பது வைக்கோல்தானே!

இந்த நிலைமையை மாற்றவேண்டும் என்று 1907-ஆம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி மான்செஸ்டர் நகரில் இம்பீரியல் ஹோட்டலில் சில ஆட்டக்காரர்கள் கூடினார்கள். ராபர்ட்ஸும், அவருடைய கோஷ்டியைச் சேர்ந்த வேல்ஸ் தேசத்து வீரர் பில்லி மெரிடித்தும் அவர்களில் முக்கியமானவர்கள். அங்கே பிறந்ததுதான் ஆட்டக்காரர்கள் யூனியன். இதற்கு முன்னும் யூனியன் அமைக்க முயற்சிகள் நடந்தன, அவை நிலைக்கவில்லை. இந்தத் தடவை முன்னால் நின்றவர்கள் பெயர் பெற்ற வீரர்கள். ஆகவே மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. யூனியனின் கோரிக்கைகள் மிகவும் எளியவை: சம்பள வரம்பை நீக்குங்கள், ஒப்பந்தம் முடிந்தவனை விடுங்கள், ஆட்டத்தில் அடிபட்டால், மற்றத் தொழிலாளிகளைப்போல் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும் உரிமையைத் தாருங்கள்.

முதலில் அஸோஸியேஷன் யூனியனைச் சகித்துக்கொண்டது. பிறகு, தன் அனுமதி இல்லாமல் யூனியன் கோர்ட்டுக்குப் போவதும், மற்றத் தொழிற் சங்கங்களின் பொதுச் சம்மேளனத்தோடு சேர விரும்புவதும் அதற்குப் பொறுக்கவில்லை. இன்று நஷ்டஈடு கேட்பவர்கள் நாளை வேலை நிறுத்தம் செய்தால் என்ன ஆவது என்ற பயம் பிடித்துக்கொண்டது. 1909-இல் அங்கீகாரத்தை வாபஸ் வாங்கியது. ஜூலை மாதம் முதல் தேதிக்குள் ஒவ்வோர் ஆட்டக்காரரும் யூனியனை விட்டு விலகுவதாகக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் ஆடும் உரிமை ரத்து என்று உத்தரவு பிறந்தது.

இங்கேதான் மனிதர்களின் தரம் தெரியத் தொடங்கியது. கையெழுத்திட்டவர்களை நாம் குறை கூறமாட்டோம். பிள்ளைகுட்டிக்காரர்கள், வேறு தொழில் அறியாதவர்கள். கிளப்புக்குக் கிளப் ஆட்டக்காரர்கள் விலகிக்கொண்டே போனார்கள். ஆனால் மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டி அசையவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு அஸோஸியேஷனின் கோப்பையை வென்றவர்களே அஸோஸியேஷனால் விலக்கப்பட்டார்கள். ராபர்ட்ஸுக்கு இதில் தனிப்பட்ட நஷ்டமும் காத்திருந்தது. அவருடைய உதவிநிதி ஆட்டத்துக்காக 500 பவுன் வருவதென்று உறுதி செய்யப்பட்டிருந்தது. அது ஏறக்குறைய இரண்டரை வருஷச் சம்பளம். தடை நீங்காவிட்டால் அதுவும் போய்விடும். ஒரே ஒரு கையெழுத்து. பேனா மையில் தோய்ந்திருக்க, காகிதம் மேஜைமேல் இருந்தது. அவர் போடவில்லை.

கோடைகாலத்தில் சம்பளம் நின்றது. அந்த நாட்களைப்பற்றி ராபர்ட்ஸ் பிற்காலத்தில் நினைவு கூர்ந்த ஒரு சம்பவம் சிரிப்பை விளைப்பது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சம்பளம் கேட்கக் கிளப் ஆபீஸுக்குப் போனார்கள். ஆபீஸ் பையன் வந்து, பணம் கிடையாது என்று சொல்லிவிட்டான். சாண்டி டர்ன்புல் சுற்றுமுற்றும் பார்த்தார். பணம் இல்லையென்றால் வேறு ஏதாவது போகவேண்டியதுதான் என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பிறகு சாமான்கள் எல்லாம் சமாதானமாகத் திரும்பி வந்து சேர்ந்தன. வயிற்றில் அடித்த இடத்திலும் வேடிக்கையை விடாதவர்களை வெல்வது கடினம் அல்லவா?

கிளப் மைதானம் மூடப்பட்டதால் மான்செஸ்டர் நகரின் ஃபாலோஃபீல்டு என்ற பகுதியில் ஒரு மைதானத்தில் அவர்கள் தாமாகவே பயிற்சி செய்துவந்தார்கள். எவர்ட்டன் கிளப்பைச் சேர்ந்த டிம் கோல்மன் என்ற பிரபல வீரரும் துணிந்து அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். ஒருநாள் படம் பிடிக்க ஆள் வந்தபோது, ராபர்ட்ஸ் ஒரு பலகையைக் கொண்டுவந்து, அதில் ‘அவுட்காஸ்ட்ஸ் புட்பால் கிளப், 1909’ என்று எழுதச் செய்து, எல்லோருக்கும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவுட்காஸ்ட்ஸ் என்றால் விலக்கி வைக்கப்பட்டவர்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வெளிவந்து தேசமெங்கும் பரவியது. ஊர்விலக்கு என்னும் தண்டனை எப்பேர்ப்பட்டது என்பது நம் நாட்டாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எதிரி வீசிய இழிசொல்லைத் தரையிலிருந்து எடுத்துத் துடைத்து, பதக்கம்போல் மார்பில் குத்திக்கொள்ளும் துணிவு எல்லோருக்கும் வந்துவிடாது.

புதிய பருவத்தின் முதல் ஆட்டம் செப்டம்பர் முதல் தேதி. லீக் பட்டமும் கோப்பையும் கண்ட கோஷ்டிக்கு ஆட்களே இல்லை! மற்றக் கிளப்புகளிலும் ஆட்டக்காரர்கள் யூனியன் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். சம்பளம் வாங்காத அமெச்சூர்களை வைத்து ஆடிவிடலாம் என்று சில கிளப்பார் ஆள் தேடி அலைந்தார்கள். கடைசியில் ஆகஸ்டு 31-ந் தேதி, அதாவது ஆட்டத்துக்கு முதல் நாள், அஸோஸியேஷன் இறங்கிவந்தது. யூனியனை மறுபடி அங்கீகரித்தது, தடையையும் நீக்கியது. மறுநாள் மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் யூனியன் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பிராட்ஃபோர்டு சிட்டியை எதிர்த்து ஆடி, ஒரு கோலால் ஜயித்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாடகக் கொட்டகையில் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உண்மை வாழ்க்கை அப்படி இருப்பதில்லை. பொதுச் சம்மேளனத்தோடு சேரவேண்டுமா என்று அதே வருஷம் யூனியன் அங்கத்தினர்களிடம் வோட்டு எடுத்தபோது, பெரும்பான்மையோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாருக்காக அவர் கையெழுத்திட மறுத்தாரோ, அவர்களே பின்வாங்கினார்கள். ராபர்ட்ஸின் மனம் கசந்தது. 1912-இல் ஹாரி கிங்கபி என்ற ஆட்டக்காரருக்காக, ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கும் முறையை எதிர்த்து யூனியன் வழக்காடித் தோற்றது. அந்தச் செலவில் யூனியனே முழுகிப்போகும்போல் இருந்தது. சம்பள வரம்பும் நீங்கவில்லை. 1910-இல், நெடுநாள் சேவை செய்தவர்களுக்கு மட்டும் 5 பவுன் வரையில் உயர்ந்தது, அவ்வளவே.

இங்கிலாந்தின் சார்பில் ஆட ராபர்ட்ஸுக்கு 1905-க்குப் பிறகு அழைப்பே வரவில்லை. யூனியனில் ஈடுபட்டதுதான் காரணம் என்று பலர் சொல்லிவந்திருக்கிறார்கள். யூனியன் பிறந்தது 1907-இன் கடைசியில். ஆகவே முதல் இரண்டு வருஷத்து மௌனத்தை அதன் தலையில் போட முடியாது. ஆனால் 1908-இல் லீக் பட்டம், 1909-இல் கோப்பை, 1911-இல் மறுபடியும் லீக் பட்டம் என்று வரிசையாக வென்ற கோஷ்டியின் காப்டன், ஒரு தடவைகூடத் தேர்வாளர்களின் கண்ணில் படவில்லை என்பதை எப்படி விளக்குவது? தேர்வு செய்தவர்கள் அதே அஸோஸியேஷனைச் சேர்ந்தவர்கள். மேற்கொண்டு சொல்லாமல் வாசகர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறோம்.

அவர் அருமையை வேறொருவர் அறிந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் தங்கியிருந்த விட்டோரியோ போட்ஸோ என்ற இத்தாலிய இளைஞர், ராபர்ட்ஸின் ஆட்டத்தில் சொக்கிப்போனார். நடுவில் நின்றபடி இரு ஓரங்களுக்கும் அவர் அனுப்பிய நீண்ட பந்துகளை மனத்தில் பதித்துக்கொண்டார். அவரோடு சிநேகமும் கொண்டார். பிற்காலத்தில் அந்த இளைஞரே இத்தாலியக் கோஷ்டியின் பயிற்சியாளராகி, 1934-இலும் 1938-இலும் உலகக் கோப்பையை வென்றார். தம் நடு ஆட்டக்காரரிடம் அவர் எதிர்பார்த்தது ராபர்ட்ஸின் ஆட்டத்தையே. சொந்த தேசம் மூன்றே தடவை அழைத்த வீரரின் வித்தை, அயல் தேசத்தில் மகுடம் சூடியது.

மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக 302 ஆட்டங்கள் ஆடியபின், 1913-இல் ராபர்ட்ஸ் 1,500 பவுனுக்கு ஓல்ட்ஹாம் கிளப்புக்கு விற்கப்பட்டார். விற்பனை முறையை எதிர்த்தவரும் விற்பனைக்குத் தப்பவில்லை! அங்கும் அவர் தலைமையில் ஆடிய கோஷ்டி 1915-இல் ஒரே ஒரு புள்ளியில் லீக் பட்டத்தை இழந்தது. ஆட்டத்தை விட்டபின், மான்செஸ்டரில் அவர் நடத்திய பத்திரிகை, புகையிலை வியாபாரம் நன்றாகச் செழித்தது. டக்வர்த், ராபர்ட்ஸ், பெல் என்று தம்மோடு நடுவரிசையில் ஆடிய மூவர் பெயரையும் ஒட்டி ‘டக்ரோபெல்’ என்று ஒரு சுருட்டுக்குப் பெயர் வைத்தார். 1921-இல் ஓல்ட்ஹாம் கிளப்பின் மானேஜராகி, அடுத்த வருஷமே விலகினார். 1939-ஆம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி, 56-ஆவது வயதில் காலமானார்.

அவர் இறந்தபோதும் சம்பள வரம்பு இருந்தது. ஆட்டக்காரரைக் கட்டிவைக்கும் முறையும் இருந்தது. 1961-இல்தான் வரம்பு ஒழிந்தது. அப்பொழுது அது வாரம் 20 பவுன். 1963-இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர், யூனியனின் உதவியோடு தொடுத்த வழக்கில், கட்டிவைக்கும் முறை நியாயமற்றது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1995-இல் பெல்ஜிய ஆட்டக்காரர் பாஸ்மன் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவர் விலையின்றி வேறு கிளப்புக்குப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. இன்று ஒரு வாரத்தில் லட்சக்கணக்கான பவுன் சம்பாதிக்கும் வீரர்கள் இருக்கிறார்கள். 1907-இல் ஹோட்டல் அறையில் பிறந்த அந்த யூனியன் பெயர் மாறி இன்னும் உயிரோடு இருக்கிறது.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் ஊரில் சொல்லுவார்கள். ராபர்ட்ஸ் வைத்தது பனை. நுங்கு வெட்டியவர்கள் ஐம்பது வருஷத்துக்குப் பிறகு வந்த வேறு மனிதர்கள். அவர்களில் பலருக்கு நட்டவன் பெயர்கூடத் தெரியாது. கோப்பைகள் அலமாரியில் பளபளக்கின்றன. அவற்றை வென்ற வருஷங்களைப் புள்ளிவிவரக்காரர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். அந்த 1909-ஆம் வருஷத்துக் கோடையில், கையெழுத்து இல்லாமல் நின்றுபோன ஒரு காகிதம் மட்டும் எந்த அலமாரியிலும் இல்லை. சார்லி ராபர்ட்ஸ் வென்ற பரிசுகளில் அதுவே மிகப் பெரியது என்று நமக்குத் தோன்றுகிறது.